தேர்ந்தெடுத்த தேதி ஒரு நாள் முந்திப் பதிவாவது ஏன்?

கேள்வி (ஜார்ஜ் டவுன்):
வணக்கம். பினாங்குக் கோயில் ஒன்றுக்காகத் தைப்பூசப் பால்குட முன்பதிவுப் பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வருகிறேன். பயனர் 2026 பிப்ரவரி 1ஐத் தேர்ந்தெடுத்தால், திரையில் சரியாகத் தெரியும் அந்த நாள் தரவுத்தளத்தில் ஜனவரி 31 என்று பதிவாகிறது. பக்தர்களின் நேர்த்திக்கடன் என்பதால் இதில் பிழை இருக்கவே கூடாது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில் (பிரிக்பீல்ட்ஸ்):
வணக்கம். குரோமில் எஃப்12ஐ அழுத்தி நிரலாளர் கருவிகளைத் திறந்து, முதலில் நெட்வொர்க் பகுதியில் அந்தக் கோரிக்கையின் பேலோடை, அதாவது சர்வருக்கு அனுப்பப்படும் தரவைப் பாருங்கள். அங்கேயே ஜனவரி 31 என்றிருந்தால், சர்வரை ஆராய வேண்டியதில்லை. அடுத்து சோர்சஸ் பகுதியில், படிவத்தை அனுப்பும் வரியின் எண்ணைச் சொடுக்கி, நிரலை அங்கே நிறுத்திவைக்கும் பிரேக்பாயின்ட் வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்ந்தபடி ஸ்கோப் பலகத்தில் தேதியின் மதிப்பைக் கவனியுங்கள். கன்சோலில் ஆங்காங்கே அச்சிட்டுப் பார்ப்பதைவிட இதுவே நம்பகமான வழி என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலும், தேதியை எழுத்து வடிவில் தரும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString) என்ற கட்டளைதான் காரணமாக இருக்கும். அது யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தையே தருவதால், அதைவிட 8 மணி நேரம் முந்திய நம் நள்ளிரவு, முந்தைய நாள் மாலை 4 மணியாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, உள்ளூர் நேரப்படி ஆண்டு, மாதம், நாளைத் தரும் கெட்ஃபுல்இயர் (getFullYear), கெட்மந்த் (getMonth), கெட்டேட் (getDate) ஆகியவற்றைக் கொண்டு தேதியை அமையுங்கள். கெட்மந்த் 0இலிருந்து எண்ணுவதால் 1ஐக் கூட்டவும்.

பதில் (பட்டர்வொர்த்):
8 மணி நேரத்தைக் கையால் கூட்டியோ கழித்தோ சரிசெய்ய வேண்டாம். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 பிறக்கும்வரை யூடிசியைவிட ஏழரை மணி நேரமே முந்தியிருந்தது. எனவே பிறந்த தேதியையும் கேட்கும் படிவத்தில் அத்தகைய கணக்கு மூத்தவர்களுக்குத் தவறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
பிரேக்பாயின்டில் தெளிவாகத் தெரிந்தது: டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் வரியில்தான் நாள் மாறுகிறது. இருவருக்கும் மிக்க நன்றி.