1971 டிசம்பர் 14: ஸ்ரீநகரில் செகோனின் நாட் விமானம் வீழ்ந்தது எப்படி?

கேள்வி (வரலாற்று ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் உயரிய விருதான பரம்வீர் சக்கரம் பெற்றவர்களைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு குறிப்பு தயாரித்து வருகிறேன். விமானப் படையில் அவ்விருதைப் பெற்ற ஒரே வீரரான பிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோனிடம் வந்ததும் எழுத்து நின்றுவிட்டது. எங்கே தேடினாலும் பாகிஸ்தானின் ஆறு சேபர் போர் விமானங்களைத் தனியாக எதிர்த்தார், இரண்டைத் தாக்கினார், வீரமரணம் அடைந்தார் என்பதற்கு மேல் அதிகம் கிடைக்கவில்லை. வகுப்பில் ஒரு மாணவி, "டீச்சர், அவர் ஏன் பாராசூட்டில் குதிக்கவில்லை?" என்று கேட்டாள். அவளுக்கு மழுப்பலாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று காலை அந்த விமானத்துக்கு என்னதான் நடந்தது என்பதை அறிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1 (போர் வரலாற்று வாசகர்)

வணக்கம் அம்மா. விமானம் வீழ்ந்த கதையை அது தரையை விட்டு எழும்புவதற்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்பாட்டை மதித்து, டிசம்பர் 3-ஆம் தேதி இந்திய-பாகிஸ்தான் போர் மூளும் வரை ஸ்ரீநகரில் போர் விமானங்கள் நிறுத்தப்படவில்லை. பஞ்சாபின் லூதியானா மாவட்டத்து இசேவால் கிராமத்தில் பிறந்து வளர்ந்த செகோன், 18-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப் பிரிவுடன் அங்கே வந்து சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. அங்குள்ள டிசம்பர் மாதக் குளிர் அவருக்குப் பழக்கமில்லாதது.

14-ஆம் தேதி காலையில் பெஷாவரிலிருந்து ஆறு சேபர்கள் வந்தன. அழைப்பு வந்தவுடன் புறப்படுவதற்காக ஆயத்த நிலையில் இருந்தவர்கள் பிளைட் லெப்டினன்ட் குமனும் அவருடைய துணை விமானியான செகோனும்தான். முன்னால் ஓடிய விமானம் கிளப்பிய புழுதியில் ஓடுபாதை மறைந்துபோனதால், அது அடங்கும் வரை செகோன் காத்திருக்க வேண்டியிருந்தது. புழுதி அடங்கியபோது சேபர்கள் தலைக்கு மேலே வந்துவிட்டன, தாக்குதலும் தொடங்கிவிட்டது. ஓடுபாதையில் நேர்கோட்டில் வேகமெடுக்கும் விமானத்தைப் போல எளிய இலக்கு வேறு கிடையாது. அப்படியிருந்தும் அவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் திராட்டில் நெம்புகோலை முன்னே தள்ளினார். என் வரையில் அந்தக் காலையின் மிகப் பெரிய செயல் அதுதான். பின்னால் நடந்த சண்டையை நான் அதற்கு அடுத்தபடியாகத்தான் வைப்பேன்.

மேலெழுந்த சிறிது நேரத்திலேயே குமனும் செகோனும் ஒருவரையொருவர் பார்வையிலிருந்து தவறவிட்டார்கள். வான்சண்டையில் இணையாகப் போகும் இருவரும் ஒருவர் முதுகை மற்றவர் காப்பார்கள். அன்று செகோனின் முதுகைக் காக்க யாரும் இல்லை.

பதில் 2 (ஓய்வுபெற்ற ஏர்ஃபிரேம் பிட்டர் - விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவர்)

எழுபதுகளில் நாட் விமானங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில், மாணவியின் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

நாட் மிகச் சிறிய விமானம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏழு மீட்டர்கூட வராது. சேபருக்கோ பதினோரு மீட்டருக்கு மேல். நாங்கள் தரையில் நின்றபடியே விமானி அமரும் காக்பிட்டுக்குள் கையை விட்டு ஸ்ட்ராப்பைச் சரிசெய்துவிடுவோம். சிறியதாக இருந்ததால் எதிரியின் கண்ணில் எளிதில் படாது, சட்டென்று வளைந்து திரும்பும். 1965 போருக்குப் பிறகு அதைச் 'சேபர் கொல்லி' என்றே அழைத்தார்கள். ஆனால் அந்தச் சிறிய உடலுக்குள் குழாய்களும் கம்பிகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். குண்டு எங்கே துளைத்தாலும் ஏதோ ஒரு முக்கியமான பாகத்தில் படும். வால் பகுதியின் கட்டுப்பாடு ஹைட்ராலிக் அழுத்தத்தில், அதாவது குழாய்களில் உள்ள திரவத்தின் அழுத்தத்தில், இயங்குவது. அழுத்தம் போய்விட்டால் கைமுறைக்கு மாற்றிக்கொண்டு ஓட்டலாம் என்றாலும், அதற்கு நேரமும் உயரமும் வேண்டும். சண்டை நடந்ததோ மரத்தின் உச்சி அளவு உயரத்தில்.

அடிபட்ட பிறகு விமானம் சிறிது தூரம் இறக்கை சாயாமல் நேராகப் பறந்து, பிறகு தலைகீழாகப் புரண்டு விழுந்தது என்றே பதிவுகள் கூறுகின்றன. கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்திருக்கக்கூடும் என்று கருதுகிறார்கள். என் அனுபவத்துக்கும் அதுவே பொருந்துகிறது. நாட் விமானத்தில் விமானியை வெளியே வீசித் தப்பவைக்கும் எஜெக்ஷன் இருக்கை உண்டு. முதலில் காக்பிட்டின் கண்ணாடி மூடி கழன்று பறக்கும், அடுத்து இருக்கை வெளியே பாயும், அதன் பிறகே பாராசூட் விரியும். தரைக்கு அருகில் விமானம் தலைகீழாக இருந்தால் இருக்கை விமானியை மண்ணை நோக்கித்தான் செலுத்தும். செகோனின் விமானத்திலிருந்து மூடி கழன்று பறந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அவர் குதிக்கவில்லை என்பது சரியல்ல. கடைசி நொடியில் குதிக்க முயன்றார், உயரம் போதவில்லை.

மீண்டும் ஆசிரியை

ஐயா, கண்ணாடி மூடியைப் பற்றி இன்றுதான் அறிகிறேன், மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். இரண்டு சேபர்களை அவர் சுட்டு வீழ்த்தினார் என்று சில கட்டுரைகளில் இருக்கிறது. அப்படியே எழுதலாமா?

பதில் 3 (போர் வரலாற்று வாசகர்)

'வீழ்த்தினார்' என்று எழுத வேண்டாம் அம்மா. இரண்டு விமானங்களைச் சேதப்படுத்தினார் என்பதுதான் விருதுக் குறிப்பில் உள்ளது. அன்று தங்கள் சேபர் எதையும் இழந்ததாகப் பாகிஸ்தான் தரப்பு ஏற்கவில்லை. அவர்கள் கணக்கின்படி, செகோன் ஒரு சேபரின் வாலைப் பிடித்துத் துரத்திக்கொண்டிருந்தபோது, காவலுக்கு வந்த இன்னொரு சேபரின் விமானி சலீம் பேக் மிர்சா பின்னாலிருந்து வந்து அவரைச் சுட்டார். இரு தரப்பையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: அடிபட்ட வேளையில் செகோன் தப்பி ஓடிக்கொண்டிருக்கவில்லை, துரத்திக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பின் வாயிலிருந்தே வரும் சாட்சியம் இது. எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதைவிட இதை எழுதுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று உறுதியாக நம்புகிறேன்.

பதில் 4 (ஓய்வுபெற்ற ஏர்ஃபிரேம் பிட்டர்)

விமானம் விழுந்த இடத்தைப் பற்றியும் குறிப்பில் இரண்டு வரி சேருங்கள் அம்மா. ஸ்ரீநகர் நகரத்திலிருந்து விமானத் தளத்துக்கு வரும் சாலைக்கு அருகே, தளத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஒரு மலை இடுக்கில் அதன் சிதைவுகள் கிடைத்தன. இராணுவமும் விமானப் படையும் பலமுறை தேடியும் அவருடைய உடல் கிடைக்கவில்லை. மேற்கு முனையில் போர் டிசம்பர் 17-ஆம் தேதி முடிந்தது; அவர் புறப்பட்டுச் சென்ற காலைக்கும் அதற்கும் நடுவே மூன்றே நாட்கள்தான்.