கவின் ரத்த ரிப்போர்ட்: குடும்பக் குழுவில் பேசியது

செல்வி: மாலதி அண்ணி, கவினுடைய ரிப்போர்ட் போட்டோ அனுப்பியிருக்கிறேன். வயிற்றிலேயே சிஎம்வி (சைட்டோமெகலோவைரஸ்) தொற்றிப் பிறந்தவன் இல்லையா, சிடி8 செல் அதிகம் என்று இருக்கிறது. டாக்டரை வெள்ளிக்கிழமைதான் பார்க்க முடியும்.

ராதா: வயிற்றிலேயே கிருமி தொற்றினால் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இருக்காதாமே? அடுத்த தடுப்பூசியைத் தள்ளிப் போடலாமா?

மாலதி: வேண்டாம் அம்மா, அட்டவணைப்படியே போடட்டும். எதிர்ப்புச் சக்தி இல்லை என்பது தப்பு. கிருமியோடு சண்டை போடும் வெள்ளணுக்களில் ஒன்று டி செல், அதில் ஒரு வகைதான் சிடி8. பிறந்த குழந்தையின் டி செல்கள் பெரும்பாலும் எந்தக் கிருமியையும் பார்க்காதவை. சிஎம்வி வைரஸ் கருவிலேயே தொற்றினால், அவற்றில் ஒரு பங்கு பிறப்பதற்கு முன்பே சண்டையில் இறங்கி முதிர்ந்துவிடும். சிடி8 கூடுவது அதனால்தான்.

மாலதி: 2010ல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் இப்படித் தொற்றிய குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். காமா டெல்டா என்ற இன்னொரு வகை டி செல்கள் பெருகியிருந்தன. அதுவும் வெவ்வேறு குழந்தைகளிடம் ஒரே மாதிரியான ஏற்பியோடு (இலக்கை அடையாளம் காணும் புரதம்)! கருவில் இருக்கிற சிசுவுக்கு இவ்வளவு முடியுமா என்று எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

சுந்தர்: அக்கா, அப்படியானால் வைரஸ் ஒழிந்திருக்க வேண்டுமே? சிறுநீரில் இன்னும் வருகிறது என்றார்களே.

மாலதி: அங்கேதான் சிக்கல், சுந்தர். ஓயாமல் அதே வைரஸோடு மோதி, அதை எதிர்க்கும் டி செல்கள் களைத்துப்போகின்றன. செல்லை அடக்கி வைக்கும் பிடி1 என்ற புரதம் அவற்றின் மேல் கூடும், வைரஸை எதிர்க்க உதவும் இன்டர்ஃபெரான் காமா சுரப்பது குறையும். சிறுநீரிலும் எச்சிலிலும் வைரஸ் சில வருடங்கள்கூட வரலாம். ஆனால் இந்தக் களைப்பு சிஎம்வியை எதிர்க்கும் செல்களுக்குத்தான். மற்ற கிருமிகளுக்கான செல்கள் வேறு.

மாலதி: காம்பியா நாட்டில் பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள் சிஎம்வி வந்துவிடும். அது பிறந்த பிறகு வருவது, கவின் கதை வேறு. ஆனாலும் அங்கே சிடி8 செல்கள் இதேபோல மாறியிருந்தும், தட்டம்மைத் தடுப்பூசிக்குக் குழந்தைகளின் உடல் ஒழுங்காகவே பதில் கொடுத்தது.

ராதா: சரிம்மா. அப்புறம் எதற்குப் பச்சைப் பிள்ளைக்கு அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள்? கை முழுக்க ஊசிக் குத்து.

மாலதி: அது மருந்துக்காக அம்மா. வைரஸை அடக்கும் வால்கான்சிக்ளோவிர் சிரப் ஆறு மாதம் கொடுக்கிறார்கள், இல்லையா? அது நியூட்ரோபில் என்ற வெள்ளணுவைக் குறைத்துவிடும். ரொம்பக் குறைந்தால் டாக்டர் மருந்தை நிறுத்தி வைப்பார். செல்வி, அவனுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்காதே, உடனே தூக்கிக்கொண்டு போ.

காவ்யா: அண்ணி, எனக்கு இப்போது மூன்றாம் மாதம். கவினைத் தூக்கலாமா?

மாலதி: தாராளமாகத் தூக்கு காவ்யா. முத்தம் நெற்றியில் கொடு, வாயில் வேண்டாம். டயபர் மாற்றினாலும் எச்சில் துடைத்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவு. எந்தக் குழந்தை சாப்பிட்ட ஸ்பூனையும் நீ வாயில் வைக்காதே. நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்குச் சிறுவயதிலேயே சிஎம்வி வந்து போயிருக்கும். இருந்தாலும் அடங்கிக் கிடந்தது கிளம்பலாம், புதிதாகவும் தொற்றலாம். உன் டாக்டரிடமும் சொல்லிவிடு.

மாலதி: செல்வி, சிடி8 எண்ணை விட எனக்குக் கவலை காதுதான். பிறந்தபோது நன்றாகக் கேட்ட குழந்தைக்கும் இதில் பின்னால் கேட்பது குறையலாம். பள்ளிக்குப் போகும் வயது வரை பரிசோதனையை விடக் கூடாது.

செல்வி: பிறந்ததும் எடுத்த பெரா என்ற காது கேட்கும் திறன் டெஸ்டில் இரண்டு காதும் சரியாக இருந்தது அண்ணி. அடுத்தது எப்போது என்று யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தேதி வாங்காமல் வர மாட்டேன்.