பதங்கமாதலும் உயர்மடைமாற்றமும்: ஒரே சொல் எப்படி இரு துறைக்கும் வந்தது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வேதியியலில் இளங்கலை முடித்துவிட்டு, இப்போது பி.எட். உளவியல் தாளுக்குப் படித்துவருகிறேன். அயோடின் படிகம் உருகாமலே ஊதா ஆவியாவதைச் சப்ளிமேஷன், அதாவது பதங்கமாதல், என்று கல்லூரியில் படித்தேன். ஒருவர் தம் சினத்தையோ காம வேட்கையையோ ஓவியமாகவோ ஆராய்ச்சியாகவோ மாற்றிக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் வழங்குகிறது; எங்கள் வகுப்புக் குறிப்பில் அது உயர்மடைமாற்றம் என்றிருக்கிறது. திரவ நிலையைத் தாண்டிச் செல்வதற்கு ஈடாக மனத்தில் எதைச் சொல்வது?

மறுமொழி 1

சகோதரி, திரவ நிலையைத் தாண்டுவதுதான் பதங்கமாதலின் உயிர் என்று எடுத்துக்கொண்டதால்தான் இந்தக் குழப்பம். சப்ளிமேஷனுக்கு மூலமான இலத்தீன் வினைக்கு 'மேலே உயர்த்துதல்' என்று பொருள். ரசவாதிகள் அந்தப் பொருளில்தான் அதை ஆண்டார்கள். நம் சொல்லும் அப்படிப்பட்டதே. சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு அகமருந்துகளில் பதங்கமும் ஒன்று. சித்த வைத்தியரான என் பாட்டனார் சாம்பிராணிப் பதங்கம் எடுப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்: சட்டியில் சாம்பிராணியைப் பொடித்திட்டு, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து, இரண்டின் வாயையும் சீலைமண்ணால் (களிமண் தோய்த்த துணியால்) பூசி, சிறுதீயில் வைப்பார், ஆறியபின் திறந்தால் மேற்சட்டியின் உட்புறத்தில் வெள்ளை ஊசிகளாய்ப் பதங்கம் படிந்திருக்க, அடிச்சட்டியில் கரிய கசடு கிடக்கும். இடையில் சாம்பிராணி உருகியதா என்று அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. மேலே ஏறிப் படிந்த தூய பகுதியே மருந்து. 1878இலேயே ஜெர்மானியத் தத்துவஞானி நீட்சே மன உணர்வுகளுக்கு இந்த வேதியியல் உவமையைக் கையாண்டார். 1905இல் பாலுணர்வு பற்றி எழுதியபோது, உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டும் அதே சொல்லை ஆண்டார்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். உளவியல் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். ஃபிராய்டின் கருத்துப்படி உந்தலின் (உள்ளிருந்து தூண்டும் வேட்கையின்) ஆற்றல் அழிவதில்லை, அதன் இலக்குதான் மாறுகிறது. ஆவியான அயோடினும் அயோடினாகவே இருப்பதுபோல. அமுக்கிவைத்த ஆசை நோய்க்குறியாகத் தலைகாட்டக்கூடும் என்பதால், உயர்மடைமாற்றத்தை அமுக்கிவைப்பதிலிருந்து அவர் வேறாகவே வைத்தார். மனத்தின் தற்காப்பு முறைகளை 1936இல் தொகுத்த அவர் மகள் அன்னா ஃபிராய்டும், இது நோயைவிட இயல்பான மனநிலையைச் சார்ந்தது என்றே குறித்தார். ஆனால் ஓர் இடத்தில் உவமை நின்றுவிடுகிறது. சட்டியில் மேல், கீழ் என்பவை வெறும் இடங்கள். மனத்திலோ எது உயர்ந்தது என்பதைச் சமூகம் தீர்மானிக்கிறது. அதனால் தமிழில் 'மடைமாற்றம்' என்றது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாய்க்காலில் வரும் நீரைத் தடுத்தால் கரை உடையும்; மடையைத் திருப்பிவிட்டால் அதே நீர் வேறு வயலுக்குப் பாயும். ஃபிராய்டு மன ஆற்றலை விளக்கியதும் பெரும்பாலும் இப்படிப் பாயும் நீராகத்தான்.

மறுமொழி 3

வேதியியல் ஆசிரியர் என்ற முறையில் ஒரு திருத்தம். அயோடின் உருகாது என்பது சரியன்று. சாதாரண காற்றழுத்தத்திலேயே சுமார் 114 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு முன்பே மிகுதியாக ஆவியாவதால்தான் உருகுவது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அந்த அழுத்தத்தில் உண்மையில் திரவமாக முடியாதது உலர்பனிக்கட்டி, அதாவது திண்மக் கார்பன் டை ஆக்சைடு. கார்பன் டை ஆக்சைடு திரவமாவதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் சற்று மேல் தேவை. தேர்வில் அயோடினை எடுத்துக்காட்டாக எழுதலாம், 'உருகவே உருகாது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.