முட்டத்திலிருந்து குளச்சல் வரை கரையோரமாகவே நடக்க முடியுமா?

மதுரைநடையன்
ஆடி மாதம் மூன்று நாள் லீவு கிடைக்கும்போல் இருக்கிறது. முட்டம் கலங்கரை விளக்கத்தில் காலையில் கிளம்பி, ரோட்டுக்கே ஏறாமல் கடலை ஒட்டியே குளச்சல் வரை போகலாம் என்று நானும் நண்பனும் பேசிவைத்திருக்கிறோம். மேப்பில் நெடுக மணல்தான் தெரிகிறது. யாராவது நடந்திருக்கிறீர்களா? வழியில் எங்காவது மாட்டிக்கொள்வோமா?

குளச்சல்காரன்
தம்பி, அந்தப் படம் தை மாசியில் எடுத்ததாக இருக்கும். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை அலை மணலை வாரிக்கொண்டு போய்விடும், ஐப்பசிக்கு அப்புறம்தான் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பக் கரையேறும். பல இடத்தில் வீட்டுச் சுவருக்கும் அலைக்கும் நடுவே கருங்கல் குவியல் மட்டும்தான். அதன்மேல் நடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அடியில் மண் அரித்துப்போய்க் கல் ஆடும், கடல் பக்கம் பாசி வேறு, இடுக்கில் கால் போனால் எடுக்க முடியாது. கல் தொடங்கும் இடத்தில் தெருவுக்குள் ஏறிவிடுங்கள். வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் கேட்டால் எந்தச் சந்து மறுபடி கடலுக்கு இறங்கும் என்று அவரே சொல்வார்.

அப்புறம் கடியப்பட்டணத்தில் வள்ளியாற்றுப் பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய். வெயில் காலத்தில் மணல் மூடிக் கிடந்தால் நடந்தே கடக்கலாம். மழை நேரத்தில் முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்கவே கூடாது, பாலத்தைச் சுற்றிப் போங்கள்.

கறுப்புமணல்
மணவாளக்குறிச்சி பக்கம் மணல் நிறம் மாறும், இல்மனைட், கார்னெட் என்று கனிமங்கள் எல்லாம் கலந்தது. வெயில் ஏறினால் செருப்பைக் கழற்றாதீர்கள்.

தூண்டில் வளைவுகளையும், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவர்களையும், கவனித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மணல் சேர்ந்து வள்ளம் இழுத்துப்போட இடம் கிடைக்கும், மறுபக்கம் அடுத்த ஊர்க்காரர் வாசலில் கடல் நிற்கும். கரையோரமாக ஓடுகிற மணலை வழிமறித்தால் வேறென்ன நடக்கும்? எங்கள் ஊருக்கும் ஒன்று போடுங்கள் என்று அவர்களும் கேட்கிறார்கள், கேட்காமல் என்ன செய்வார்கள்.

மதுரைநடையன்
அப்போ ஆடி வேண்டாம். சித்திரை பரவாயில்லையா அண்ணே?

குளச்சல்காரன்
அதில் வேறொரு தொல்லை. இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று கடல் ஏறும். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ கிளம்பிய அலை வந்து அடிப்பது, கள்ளக்கடல் என்போம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனது அந்த மாதிரி அலைதான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும், எந்த மாதம் வந்தாலும் கிளம்பும்முன் அதைப் பாருங்கள்.

தை மாதம் வாருங்கள். மாசி என்றால் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் நடக்க முடியாது. இல்லை, லீவு ஆடியில்தான் என்றால் முட்டத்தில் பாறைக்கு இறங்காமல் மேலே செம்மண் மேட்டிலிருந்தே கடலைப் பார்த்துவிட்டு, மிச்சத்தை ரோட்டிலேயே நடங்கள். கால் வலித்தால் பஸ்ஸாவது வரும்.