டி20 இலச்சினையைத் தரம் பார்த்தா கொடுத்தார்கள்?

இரணைமடுவான்:
முல்லைக்கடல் நேற்று எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பகடை உருட்டிக் கதை நடத்தி விளையாடும் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் விதிகளோடு பொருந்தும் என்று மற்றவர்களின் புத்தக அட்டையில் போட்ட குறிதான் டி20 இலச்சினை. "டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்காரர் தரம் பார்த்துத்தான் டி20 இலச்சினையைக் கொடுத்தார்கள். நாங்கள் எழுதும் அடங்காப்பற்று ஆட்டத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும்" என்கிறார். யார் பார்த்தது? 2000ஆம் ஆண்டு அந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் இரண்டு உரிமங்களைத் தந்தது. விதிகளை எடுத்தாள ஓ.ஜி.எல். என்ற திறந்த ஆட்ட உரிமம், அட்டையில் இலச்சினை போட டி20 வர்த்தகக் குறி உரிமம். கட்டணம் கிடையாது. நிபந்தனைகளுக்கு உடன்பட்ட எவரும் போடலாம். அச்சுக்குப் போகுமுன் புத்தகத்தை வாசித்து ஒப்புதல் தர அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

முல்லைக்கடல்:
2003இல் அந்த உரிமத்தைத் திருத்தி "தர நியமங்கள்" என்றே ஒரு பிரிவு சேர்த்தார்களே அண்ணை. தரம் என்ற சொல் உங்கள் கண்ணில் படவில்லையா?

இரணைமடுவான்:
பட்டது தங்கச்சி. தலைப்புக்குக் கீழே இருப்பதையும் வாசியுங்கள். அது ஆபாசத்தையும் அளவு மீறிய வன்முறையையும் தடுக்கிற பிரிவு. பாலியல் சார்ந்த ஒரு புத்தகம் வரப்போவதாக அறிவித்த பிறகு வந்தது. அந்தப் புத்தகம் இலச்சினை இல்லாமல் ஓ.ஜி.எல்.லின் கீழ் வெளிவந்துவிட்டது.

இலச்சினை போட்ட சாகசப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பொறிகளின் அட்டவணையில் 12க்கு அடுத்தது 14. கிளிநொச்சியில் ஆறு பேர் பாயில் இருந்து விளையாடுகிறோம், பகடையில் 13 விழுகிறது. கதை நடத்திய நான் அட்டவணையில் விரலை வைத்தபடி வாயடைத்துப் போனேன்.

மாங்குளத்தான்:
ஓர் அச்சுப்பிழைக்கு இத்தனை கோபமா? முதலில் டி20 என்பதை விடுங்கள். கிரிக்கெட் என்று நினைத்து என் தம்பி வந்து ஏமாந்து போனான். இருபது முகப் பகடை என்று எழுதினால் என்ன?

இரணைமடுவான்:
கிரிக்கெட்டை நாங்கள் ரி20 என்றுதான் எழுதுகிறோம். உங்கள் தம்பிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள்.

முல்லைக்கடல்:
பேச்சை மாற்றாதீர்கள். தரத்தைக் கவனிக்காமல் குறியை வாரி வழங்கினால், அமெரிக்கச் சட்டப்படி குறியின் உரிமையே பறிபோகலாம். அதற்காகத்தான் "தர நியமங்கள்".

இரணைமடுவான்:
சட்டத்துக்கு அஞ்சி எழுதிய வரி வேறு, புத்தகத்தைத் திறந்து பார்ப்பது வேறு. சீமெந்துப் பையில் உள்ள எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தரக்குறி, பரிசோதித்த பிறகு கிடைப்பது. டி20 நிபந்தனைகள் காத்தது அவர்களுடைய வியாபாரத்தை. பாத்திரம் உருவாக்கும் முறையை நீங்கள் அச்சிடக்கூடாது, அவர்களுடைய விதிநூல் தேவை என்று நீங்களே போடவேண்டும். இதிலே தரம் எங்கே இருக்கிறது? 2008இல் அந்த உரிமத்தையே நிறுத்திவிட்டார்கள்.

பனங்கூடல்:
தரத்தைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள்! போன மாரியில் நான் வரைந்த பண்டாரவன்னியன் கோட்டை வரைபடத்தை "அளவு பிழை" என்று தள்ளினீர்கள். சரியான அளவு எது என்று இன்றுவரை சொல்லவில்லை.

இரணைமடுவான்:
கோட்டை வாசலை விட அகழிப் பாலம் அகலம். அன்றே சொன்னேன். ஒருவர் உட்கார்ந்து பார்த்ததால்தானே அந்தப் பிழை பிடிபட்டது?

பனங்கூடல்:
அன்று நீங்கள் பாலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

முல்லைக்கடல்:
2003. தர நியமங்கள். சொல் அங்கேதான் இருக்கிறது அண்ணை.

இரணைமடுவான்:
13ஆம் வரி எங்கே இருக்கிறது தங்கச்சி?