சிறைத்துறைத் தலைவருக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

மதுரைத் தேர்வர்:
உதவி ஜெயிலர் தேர்வுக்குப் படிக்கிறேன். நம்ம சிறைத்துறையில் டிஐஜி வரைக்கும் துறைக்குள்ளேயே படிப்படியாக ஏறி வருகிறார்கள், ஆனால் உச்சியில் மட்டும் ஒரு ஐபிஎஸ் வந்து உட்காருகிறார். ஆளைப் பிடித்து உள்ளே அனுப்பிப் பழகியவருக்குச் சிறையை நடத்த என்ன தெரியும்? இல்லை, அந்த நாற்காலிக்கு வேறு திறமை வேண்டுமா?

ஓய்வு ஜெயிலர்:
தம்பி, தலைவருக்குப் பாதி வேலை மதிலுக்கு வெளியேதான். நாற்பது பேருக்கு இன்று கோர்ட் தேதி என்று வையுங்கள். வழிக்காவலுக்கு ஆயுதப்படையிலிருந்து ஆள் வரவேண்டும், ஊரில் விஐபி பந்தோபஸ்து என்றால் வரமாட்டார்கள், தேதி தள்ளிப்போகும், அந்தக் கோபத்தையெல்லாம் சாயங்காலம் லாக்கப் நேரத்தில் பிளாக்கில் தனியாக நிற்கும் வார்டர்தான் வாங்கிக்கட்டிக்கொள்வார். சிறைக் கண்காணிப்பாளர் எழுதும் கடிதம் கோப்பில் தூங்கும். தலைவர் கமிஷனருக்கு ஒரு போன் போட்டால் வண்டி வந்துவிடும். (இப்போது காணொளி வழி விசாரணை வந்து கொஞ்சம் பரவாயில்லை.) ஐபிஎஸ் வருவதில் எனக்குத் தெரிந்த லாபம் இதுதான். சிலர் இதை டம்மி போஸ்டிங் என்று நினைத்து அடுத்த மாறுதலுக்கே காத்திருப்பார்கள், அது வேறு கதை.

சட்ட உதவி வக்கீல்:
ஐயா சொல்வது சரி, ஆனால் போன் போடுவது மட்டும் போதாது. கீழே நடப்பது வடிகட்டாமல் தன் மேசைக்கு வர வழி செய்யத் தெரிய வேண்டும். 1993இல் ஐபிஎஸ் அதிகாரி கிரண் பேடி டெல்லி திகார் சிறைக்குத் தலைவராகப் போனபோது, கைதிகளின் மனுக்கள் பூட்டிய பெட்டியில் நேராகத் தன் அலுவலகத்துக்கே வரும்படி செய்தார். அவர் அங்கே கொண்டுவந்த தியானப் பயிற்சியை எல்லோரும் பேசுவார்கள், எனக்கு இந்தப் பெட்டிதான் பெரிது. மனு நடுவில் யார் கையிலும் சிக்காது என்றால் வார்டில் அடிப்பவன் கொஞ்சம் யோசிப்பான்.

இன்னொன்று, சிறை விதிகள் அடங்கிய கையேட்டைத் திறந்து படிக்கணும். கைதியின் சாதியைப் பார்த்துக் கூட்டுவதையும் சமைப்பதையும் பிரித்துக்கொடுக்கும் விதிகள் பல மாநிலக் கையேடுகளில் இருந்தன. எத்தனை தலைவர்கள் வந்து போனார்கள்! கடைசியில் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் வழக்குப் போட்டுத்தான் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது.

மதுரைத் தேர்வர்:
அப்போ துறைக்குள்ளிருந்து வந்தவரும் அந்த இடத்தைச் சமாளிக்கலாம்தானே?

சட்ட உதவி வக்கீல்:
தாராளமாக. 2022 முடிவில் நாட்டின் கைதிகளில் நூற்றுக்கு 75க்கும் மேல் விசாரணைக் கைதிகள். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளேயே கழித்துவிட்டால், பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 479ஆம் பிரிவின்படி அவரை ஜாமீனில் விடக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும் (தூக்கு, ஆயுள் வழக்குகளுக்குக் கிடையாது). மாதாமாதம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கும் தலைவர் யாராக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

ஓய்வு ஜெயிலர்:
கேட்டால் மட்டும் போதுமா வக்கீல் சார், பட்டியல் போட ஆள் வேண்டாமா? நிதித்துறையிடம் மல்லுக்கட்டி சிறைத்துறைக் காலியிடங்களை நிரப்ப வைக்கிறவர் வரட்டும் முதலில். தம்பி, நீங்கள் பரீட்சையை எழுதுங்கள்.