கிராமப்புறத் தீக்காயங்கள்: எதைப் பற்றிப் பேசுவது?

செபராங் பிறை வாசகி:
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் நிபோங் திபால் அருகிலுள்ள ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், தீபாவளிக்கு முன்பாகத் தாய்மார்களுக்குத் தீக்காயத் தடுப்பைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். சுவரொட்டிகளில் பட்டாசும் எரிவாயுக் கலன் வெடிப்பும்தாம் இடம்பெறுகின்றன. கிராமப்புறக் குடும்பங்களில் நேரும் காயங்களுக்கு உண்மையில் அவைதாம் முதன்மைக் காரணமா? யார், எங்கே, எவ்வாறு அதிகமாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வு பெற்ற தாதி, பட்டர்வொர்த்:
வணக்கம் அம்மா. பட்டாசைப் பற்றிச் சொல்லுங்கள், ஆனால் அடுப்படியிலிருந்து தொடங்குங்கள். தீக்காயங்களால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 180,000 பேர் இறப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் சமையலறையிலும், ஆண்களுக்கு வேலையிடத்திலும் காயம் நேர்கிறது. நடை பழகும் பிள்ளைக்குத் தீயைவிட வெந்நீரே பெரிய எதிரி. மேசை விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தால், அப்போதுதான் கலக்கி வைத்த தேநீர் முகத்திலும் மார்பிலும் கொட்டிவிடும். குழந்தையின் தோல் மெல்லியது. 60 பாகை செல்சியஸ் நீரே சில நொடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும்.

தீபாவளி நேரத்தில் இன்னொன்றும் உண்டு. வாசலில் கல் கூட்டி, விறகு வைத்து, முழங்கால் உயரத்தில் முறுக்குச் சட்டி கொதித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் அதைச் சுற்றியே ஓடுவார்கள். சுடுபவரோ தொளதொளவென்ற நைட்டியில் குனிந்திருப்பார். நைலான் கலந்த துணி தீப்பற்றினால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியை மூட வேண்டும் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டில் வலிப்பு நோய் உள்ளவர் இருந்தால், திறந்த அடுப்பருகே அவரைத் தனியே விடக்கூடாது.

தோட்டத்து முன்னாள் டிரெசர் (மருத்துவ உதவியாளர்):
தாதியம்மா சொன்னது சரி. மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில், கவிழ்ந்த விளக்கினால் நேர்ந்த காயங்களே பல நாடுகளில் மிகுதி. இலங்கையில் விஜய கொடகும்புர என்ற அறுவை மருத்துவர், கனமான, குட்டையான, இருபுறமும் தட்டையான, திருகு மூடி கொண்ட கண்ணாடி விளக்கை வடிவமைத்துப் பரப்பினார். உருளாத விளக்கு, சிந்தாத எண்ணெய், அவ்வளவுதான். நம் தோட்டங்களுக்கு மின்சாரம் வந்து வெகுகாலமாயிற்று. இப்போது ஆபத்து குப்பைக் குவியலில் இருக்கிறது. ஈரச் சருகு எரியவில்லையென்று பெட்ரோல் ஊற்றுவார்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவி நிற்கும். தீக்குச்சியைக் கிழித்ததுமே கால்களைச் சுற்றிப் பற்றிக்கொள்ளும்.

இன்னொரு குறை, காயத்தின் மேல் பற்பசை, கிச்சாப் (சோயா சாறு), முட்டை என்று தடவிக்கொண்டு நேரத்தைக் கடத்துவது. குழாய்நீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓடவிட வேண்டும். காயம்பட்டு 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலனுண்டு. பனிக்கட்டி கூடாது. வீங்குவதற்கு முன்பே வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். பெரிய காயமென்றால் உடனே 999 அவசர எண்ணை அழையுங்கள். தொலைவிலுள்ள தோட்டத்தில் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போதே அந்த 20 நிமிடமும் தண்ணீரை ஓடவிடுங்கள். ஆனால் குழந்தைக்கு உடல் குளிர்ந்துவிடாதபடி, காயமில்லாத பகுதியைப் போர்த்துங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
தாய்மார்களை மட்டும் அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடுப்பை இடுப்பளவு மேடையில் ஏற்றுவதும், எரிவாயு அடுப்பின் பழைய ரப்பர் குழாயை மாற்றுவதும் வீட்டுச் செலவு பற்றிய முடிவுகள். பெட்ரோல் ஊற்றுவதும் பெரும்பாலும் ஆண்களே.

செபராங் பிறை வாசகி:
மூவருக்கும் நன்றி. கோயில் நிர்வாகத்திடம் கேட்டு, ஆண்களும் வரக்கூடிய ஞாயிறு மாலைக்கு மாற்றப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் கலக்கும்போது எந்த நீரை முதலில் ஊற்றச் சொல்வது?

ஓய்வு பெற்ற தாதி, பட்டர்வொர்த்:
குளிர்ந்த நீரை முதலில் ஊற்றச் சொல்லுங்கள் அம்மா. பிறகு சுடுநீரைச் சேர்த்துக் கலக்கி, முழங்கையை விட்டுப் பார்த்தபின் பிள்ளையை அழைக்கட்டும்.